நீங்கலாக

லோர்னா ஹக்காலாவின் எஞ்சின்
மூன்று வாரமாக என் மேசைமேல் கிடக்கிறது.
பிரித்தது நான்.
பிரிக்கச் சொன்னது, கன்சாஸிலிருந்து ஒரு குரல்:
"திறந்து காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்."
திறந்த கூலி யார் தலையில்?
"பழுது ஒப்பந்தத்துக்குள் வந்தால் எங்கள் தலையில்,
வராவிட்டால் வண்டிக்காரர் தலையில்."
வருமா, வராதா?
"திறந்தால்தானே தெரியும்."

அவள் அந்தக் காரை வாங்கிய காலை எனக்குத் தெரியும்,
இத்தனைக்கும் நான் அங்கே இல்லை.
எல்லாத் தாளிலும் கையெழுத்து முடிந்து
சாவி கண்ணெதிரே மேசையில் கிடக்கும்போது
கடைசியாக ஒரு தாளை நீட்டுவார்கள்.
மாதம் நாற்பத்தொரு டாலர்தான்,
ஒரு பீட்சாவும் கொஞ்சம் நிம்மதியும் என்றானாம் விற்றவன்.
டுலூத் ஆஸ்பத்திரியின் சலவை அறையில்
இரவெல்லாம் விரிப்புகளை மடித்துவிட்டு
நேரே போயிருந்தாள்.
பாதிக் கையெழுத்தைத் தூக்கம்தான் போட்டது.
அந்த நிம்மதியையும் கடனோடு சேர்த்துக்கட்டி
அதற்கும் வட்டி.

முப்பத்தெட்டுப் பக்கப் புத்தகம்.
அட்டையில் பொன் எழுத்து: முழுக் காப்பு.
மதியச் சாப்பாட்டு நேரங்களில் படித்தேன்,
கிரீஸ் விரலோடு.
தண்ணீர் பம்ப் உண்டு,
அதன் ரப்பர் வளையம் நீங்கலாக.
எஞ்சின் உண்டு,
கேஸ்கெட் நீங்கலாக.
தேய்மானம் நீங்கலாக.
ஓடாமல் தேயாமல் ஒரு பொருள் எப்படி உடையும்?
முப்பத்தாறு வருடமாக இதே தொழில்,
எனக்கு இன்னும் தெரியவில்லை.
இருபத்தொன்றாம் பக்கம் வருவதற்குள்
நீங்காமல் மிஞ்சியவை இரண்டு:
ரேடியோ பொத்தான்,
மாதத் தவணை.

வியாழக்கிழமை பரிசோதகன் வந்தான்.
சின்னப் பையன், பனிக்கு ஆகாத ஷூ,
மரியாதை தெரிந்தவன்.
எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான்.
ஆயில் மாற்றிய ரசீதெல்லாம் இருக்கிறதா என்றான்.
பிஸ்கட் டின்னைத் திறந்தாள் லோர்னா,
தேதிவாரியாக, கிளிப் போட்டு.
அவனுக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது.
அப்புறம், ஷூவைப் பார்த்தபடி,
"சிவப்பு விளக்கு எரிந்த பிறகு
எத்தனை மைல் ஓட்டினீர்கள்?"

நான் பின்னாலேயே நின்றேன்.
இருமியிருக்கலாம்.
ஒரு ஸ்பேனரைக் கீழே போட்டிருக்கலாம்.

"பதினொன்று" என்றாள்.
"டூ ஹார்பர்ஸிலிருந்து வரும் சாலை,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு,
ஏரிக்காற்று, விடியாத இருட்டு,
போனில் சார்ஜ் இல்லை.
நிறுத்தினால் நான் உறைவேன்,
ஓட்டினால் அது வேகும்.
ஓட்டினேன்."

அவன் படிவத்தில் இருட்டுக்கு இடமில்லை,
காற்றுக்கும் இல்லை.
பதினொன்றுக்கு மட்டும்
அளவாக ஒரு கட்டம் இருந்தது.

கடிதம் திங்களன்று வந்தது.
மூன்று வரி. நன்றியோடு முடிந்தது.
ஒப்பந்தத்தையாவது ரத்து செய் என்றேன்,
மீதிப் பணம் வரும்.
வரும்தான், வங்கிக்கு.
கடன் கொஞ்சம் குறையும்,
கையில் ஒன்றும் விழாது.
அவள் தலையாட்டியதில்
அதுவும் முன்பே தெரிந்த மாதிரி இருந்தது.

பிறகு என் பில்.
கன்சாஸ்காரனைத் திட்டி முடித்த அதே வாயோடு
என் பில்லையும் நான்தான் நீட்ட வேண்டும்.
வாடகை எனக்கும் உண்டு, ஒன்றாம் தேதி எனக்கும் வரும்.
பிரித்த கூலி ஒன்பது மணி நேரம்;
ஆறு என்று எழுதினேன்.

பில்லைப் பார்த்தாள்.
சுவரில் நான் சாக்பீஸால் எழுதிவைத்த
மணிக் கணக்கைப் பார்த்தாள்.
"ஒன்பது போடு, ஆர்வின்.
பதினொன்றையே சொன்னவள் நான்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.
போல்ட்டுகளைக் காப்பி டப்பாவில் அள்ளி
மேலே அவள் பெயரை எழுதினேன்.
எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது.
மேசைக்கு அடியில்
டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.